கொல்லுவேலை பழகத் தொடங்குவோருக்கு: கழற்றி எடுத்துச் செல்லக்கூடிய பட்டறைக்கல் தாங்கி

பட்டறைக்கல்லுக்கு, அதாவது இரும்பை வைத்து அடிக்கும் கனத்த இரும்புக் கட்டைக்கு, தாங்கி செய்ய முற்படுவோர் ஒரு விதியை முதலிலேயே மனத்தில் பதித்துக்கொள்ள வேண்டும். கல்லின் முகத்தில், அதாவது மேற்பரப்பில், விழும் அடி தரையைச் சென்று சேரும்வரை வழியில் எங்கும் தளர்ச்சியைச் சந்திக்கக் கூடாது. தாங்கி அசைந்தால், உலையில் காய்ந்த இரும்பை நீட்டவும் வளைக்கவும் போக வேண்டிய விசையில் ஒரு பங்கு அந்த அசைவிலேயே கரைந்துபோகும். கை சோர்ந்துவிடும், இரும்பு மட்டும் பழைய உருவிலேயே கிடக்கும். கழற்றி மாட்டும் தாங்கியில் இணைப்புகள் கூடுதலாக இருப்பதால் இந்த ஆபத்தும் கூடுதலாகவே இருக்கிறது. எனவே இணைப்பு ஒவ்வொன்றிலும் இரும்பு இரும்பின்மேல் நேராக அமர்ந்து அடியைத் தாங்க வேண்டும். போல்ட்டின் வேலை, கால் கழன்று விழாமல் பிடித்துக்கொள்வது மட்டுமே. கீழே சொல்லப்படும் அளவுகளும் முறைகளும் இந்த ஒரே விதியிலிருந்து பிறந்தவை.

மலேசியாவின் பேராக் மாநிலத்தில் உள்ள தெலுக் இந்தான், ஊத்தான் மெலிந்தாங், பாகான் டத்தோ வட்டாரத்தில் கொல்லுவேலை பழக விரும்பும் இளைஞர்களுக்கு நிலையான தாங்கியைவிட இத்தகைய தாங்கியே பொருந்தும் என்பது என் உறுதியான கருத்து. தோட்டத்து லயங்களில் வாழ்ந்த குடும்பங்கள் பல இன்று தாமான் என்னும் குடியிருப்புகளின் வரிசை வீடுகளில் வாழ்கின்றன. அங்கே ஒரே சுவரை இரு வீட்டார் பகிர்ந்துகொள்கிறார்கள். சுத்தியலின் ஓசை அந்தச் சுவரைத் தாண்டிப் போகும். ஆகவே உலையை நண்பரின் செம்பனை (எண்ணெய்ப்பனை) காணியிலோ, கோவில் வளாகத்தின் பின்புறத்திலோ, கம்பத்தில் (கிராமத்தில்) இருக்கும் உறவினரின் வீட்டு ஓரத்திலோ மூட்ட வேண்டியிருக்கிறது. வேலை முடிந்ததும் எல்லாவற்றையும் காரில் ஏற்றி வீட்டுக்குக் கொண்டுவர வேண்டும்.

மரக்கட்டை ஏன் கூடாது என்ற கேள்வி எழும். நிலையான பட்டறைக்கு நல்ல மரக்கட்டையைப் போன்ற தாங்கி வேறில்லை. அதில் எனக்கு ஐயமே இல்லை. ஆனால் செங்கால் என்னும் கடின மரத்தில் 35 செ.மீ. விட்டமும் 50 செ.மீ. உயரமும் உள்ள ஒரு கட்டை ஏறத்தாழ 45 கிலோ எடை இருக்கும். அதைத் தினமும் தூக்குவது முதுகுக்கு நல்லதல்ல. எளிதில் கிடைக்கும் ரப்பர் மரக்கட்டை எடை குறைந்தது. ஆயினும் மருந்து ஏற்றாத ரப்பர் மரத்தை நம் ஈரக்காற்றில் பூஞ்சையும் துளைப்பூச்சியும் விரைவில் தின்றுவிடும். செம்பனைத் தண்டைப் பற்றிப் பேசவே வேண்டாம். அதன் உட்பகுதி நார்ச்சோறு, அடி தாங்காது. பழைய ரயில் பாதையின் மரக்கட்டைகள் வலுவானவை. ஆனால் அவற்றில் பல, கிரியோசோட் என்னும் நச்சு எண்ணெய் ஊறியவை. காய்ந்த இரும்பு பட்டால் எழும் புகையை மூச்சில் இழுக்க நேரும் என்பதால் உலைக்கு அருகில் அவற்றைக் கொண்டுவரவே கூடாது.

கல்லைத் தேர்ந்த பிறகே தாங்கி

தாங்கியின் அளவுகளைக் கல்தான் தீர்மானிக்கிறது. ஆகவே கல்லை வாங்காமல் இரும்பை அறுக்கத் தொடங்க வேண்டாம். தொடக்கநிலையில் 1 கிலோ சுத்தியல் போதும். அதற்குக் குறைந்தது 25 கிலோ எடையுள்ள கல் வேண்டும். 35 கிலோவாக இருந்தால் இன்னும் நிறைவு. 50 கிலோவைத் தாண்டினால் தனியாளாக ஏற்றி இறக்க முடியாது. இந்த வழிகாட்டியில் 35 கிலோ எடையும், 24 செ.மீ. உயரமும், 20 செ.மீ. நீளமும் 18 செ.மீ. அகலமும் கொண்ட அடிப்பாதமும் உள்ள, கொம்பு (ஒரு பக்கம் கூம்பாக நீளும் முனை) வைத்த கல்லைக் கணக்கில் கொண்டிருக்கிறேன். உங்கள் கல்லின் அளவு மாறினால் அதற்கேற்பத் தட்டின் அளவையும் காலின் நீளத்தையும் மாற்றிக்கொள்ளுங்கள்.

கல் வாங்க வசதி இல்லாதோர் தண்டவாளத் துண்டைப் பயன்படுத்தலாம். மீட்டருக்கு 54 கிலோ எடை வகையில் 40 செ.மீ. துண்டு ஏறத்தாழ 22 கிலோ இருக்கும். அதைப் படுக்கவைப்பதைவிட நெட்டுக்குத்தாக நிறுத்தி, அறுத்த முனையின்மேல் அடிப்பது மேல். சுத்தியலுக்கு நேர் கீழே இரும்பு முழுவதும் நிற்பதால் அடி வீணாகாது. தோட்டங்களின் சிறுரயில் பாதைத் தண்டவாளம் இதைவிட மிகவும் மெலிந்தது. கொக்கி, ஆணி போன்ற சிறு வேலைக்கு மட்டுமே அது தாங்கும். எதை வாங்கினாலும் ரசீதுடன் வாங்குங்கள். பாதையோரத்தில் கிடக்கும் தண்டவாளம் யாருக்கும் சொந்தமில்லாத பொருள் அல்ல.

உயரத்தை அளத்தல்

வேலை செய்யும்போது அணியும் காலணியை அணிந்துகொண்டு சமதரையில் நிமிர்ந்து நில்லுங்கள். தோளைத் தளர்த்திக் கையைத் தொங்கவிட்டு விரல்களை மூடுங்கள். தரையிலிருந்து விரல் முட்டிவரை உள்ள உயரத்தை இன்னொருவர் அளக்கட்டும். பட்டறைக்கல்லின் முகம் அந்த உயரத்தில் இருக்க வேண்டும். நுணுக்கமான வேலையே மிகுதி என்றால் மூன்று நான்கு செ.மீ. உயர்த்தலாம், ஒருவர் குறடு பிடிக்க மற்றவர் சம்மட்டி அடிக்கும் வேலை மிகுதி என்றால் ஐந்து செ.மீ. தாழ்த்தலாம்.

முட்டி உயரம் 740 மி.மீ. என்று கொள்வோம். இதில் கல் 240, கல்லுக்கு அடியில் விரிக்கும் ரப்பர் பட்டை 6, மேல்தட்டு 12, பாதத் தகடு 6 மி.மீ. ஆகியவற்றைக் கழித்தால், காலுக்கு 476 மி.மீ. செங்குத்து உயரம் மிஞ்சும். கால் செங்குத்திலிருந்து 15 பாகை சாய்ந்து நிற்பதால் அதன் உண்மை நீளம் 476-ஐ 0.966-ஆல் வகுத்து வருவது, அதாவது 493 மி.மீ. இந்தக் கணக்கைத் தாளில் எழுதி இருமுறை சரிபார்த்த பிறகே அறுக்கத் தொடங்குங்கள். தம்பிக்கும் அண்ணனுக்கும் உயரம் வேறு என்றால் இன்னொரு கால் தொகுதியை மட்டும் தனி நீளத்தில் அறுத்து வைத்துக்கொள்ளலாம். கழற்றும் தாங்கியின் பெரிய வசதிகளில் இதுவும் ஒன்று.

கால் மூன்றா, நான்கா?

மூன்றுதான். மூன்று பாதம் எந்த மேடுபள்ளத்திலும் ஒரே நேரத்தில் தரையைத் தொடும். நான்காவது கால் சிமெண்டுத் தளத்தில் மட்டும் நன்மை தரும். தோட்டத்து மண்ணில் அது எப்போதும் அந்தரத்தில் நின்று ஆடும்.

மூன்று கால்களை எங்கே வைப்பது என்பதில்தான் சிந்தனை தேவை. அடிக்கும் இடம் ஒவ்வொன்றிலிருந்தும் தரைக்கு ஒரு தூக்குநூலைத் தொங்கவிட்டால், அது மூன்று பாதங்களும் சேர்ந்து அமைக்கும் முக்கோணத்துக்குள் விழ வேண்டும். கல்லில் மிக நீளமாக வெளியே நீண்டிருப்பது கொம்பு. ஆகவே ஒரு காலைக் கொம்பின் திசையிலேயே நிறுத்துங்கள். மற்ற இரண்டையும் கொம்புக்கு எதிரான வால்பக்கத்து இரு மூலைகளிலிருந்து வெளியே விரித்துவிடுங்கள். கல்லின் பக்கவாட்டில் நிற்கும் உங்கள் காலுக்கும் இதனால் போதிய இடம் கிடைக்கும்.

வேண்டிய இரும்பு

மேல்தட்டுக்கு 300-க்கு 260 மி.மீ. அளவில் 12 மி.மீ. தடிமனான தகடு ஒன்று. கால்களுக்கு 50 மி.மீ. சதுரக் குழாய், சுவர்த் தடிமன் 3 மி.மீ., மொத்தம் ஒன்றரை மீட்டருக்குச் சற்றுக் கூடுதலாக. கால் நுழையும் உறைகளுக்கு 60 மி.மீ. சதுரக் குழாய், சுவர்த் தடிமன் 4 மி.மீ., 150 மி.மீ. நீளத்தில் மூன்று துண்டு. பாதத்துக்கு 80 மி.மீ. சதுரத்தில் 6 மி.மீ. தகடு மூன்று. தட்டின் அடியில் முட்டுக்கொடுக்க 50 மி.மீ. ஆங்கிள் (‘எல்’ வடிவ) இரும்பு 220 மி.மீ. நீளம் ஒன்று, கல்லை மூலைகளில் தடுத்து நிறுத்த 40 மி.மீ. ஆங்கிள் துண்டுகள் நான்கு, 10 மி.மீ. தடித்த பட்டை இரும்பு சிறிது. எம் 12 (12 மி.மீ. விட்டம்) போல்ட்டுகளும் நட்டுகளும் பத்துப் பன்னிரண்டு ஜோடி.

புதிய குழாயை ஆறு மீட்டர் நீளத்துக்குக் குறைவாகத் தர இரும்புக் கடைகள் தயங்கும். பழைய இரும்புக் கடையில் துண்டுகளாகத் தேடுவதே சிக்கனம். அங்கே தேடும்போது ஒன்றைக் கவனியுங்கள். வெள்ளிபோல் மின்னும் துத்தநாகப் பூச்சுக் குழாய் வேண்டாம். பற்றவைக்கும்போது அந்தத் துத்தநாகம் புகையாக எழுந்து, அன்றிரவே குளிர்காய்ச்சலைக் கொண்டுவரும். கறுப்பு இரும்பாகப் பார்த்து எடுங்கள். நட்டுகளுக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும்; பற்றவைக்கப்போகும் நட்டுகள் பூச்சில்லாதவையாக இருக்கட்டும்.

60 மி.மீ. குழாயின் உட்புறம் 52 மி.மீ.; 50 மி.மீ. கால் அதற்குள் இரண்டு மி.மீ. இடைவெளியுடன் நுழைய வேண்டும். ஆனால் பெரும்பாலான குழாய்களின் உட்சுவரில் தொழிற்சாலைப் பற்றவைப்பின் தழும்பு நீளவாக்கில் புடைத்திருக்கும். அதை நீண்ட அரத்தால் ராவிச் சமப்படுத்தாவிட்டால் கால் கோணலாகச் சிக்கும்.

அறுத்தல்

காலின் இரு முனைகளையும் 15 பாகை சாய்வாக அறுக்க வேண்டும். இரண்டு வெட்டும் ஒன்றுக்கொன்று இணையாக இருக்க வேண்டும். ஒன்று இடப்பக்கமும் மற்றது வலப்பக்கமும் சாய்ந்தால் அந்தத் துண்டு பயன்படாது. அட்டையில் ஒரு சாய்வு அளவுகோல் செய்துகொள்ளுங்கள்: 200 மி.மீ. உயரத்துக்கு 54 மி.மீ. விலகும் கோடு 15 பாகையைத் தரும். அட்டையைக் குழாயின் ஒரு முகத்தில் வைத்துக் கோடு கிழித்து, எதிர்முகத்திலும் அதையே கிழித்து, இரு கோடுகளின் முனைகளையும் மற்ற இரு முகங்களில் நேர்கோட்டால் இணையுங்கள். கிரைண்டரால் நான்கு முகங்களையும் தனித்தனியே, கோட்டைத் தொடாமல் சற்று வெளியே வெட்டி, எஞ்சியதை அரத்தால் கோடுவரை ராவுங்கள். மூன்று கால்களையும் ஒன்றாகக் கட்டிப் பக்கத்தில் பக்கம் நிறுத்திப் பார்த்தால் நீள வேறுபாடு உடனே தெரியும்.

உறைகளின் மேல்முனையையும் இதே சாய்வில் அறுங்கள். கீழ்முனை நேராகவே இருக்கலாம். காலின் மேல்முனை தட்டின் அடிப்பக்கத்தில் முழுவதுமாக அமர வேண்டும் என்பதால் இந்த வெட்டுகளில் அவசரம் கூடாது. இந்தத் தாங்கியின் தரம் இங்கேதான் முடிவாகிறது.

உறைகளைப் பற்றவைத்தல்

தட்டைக் கவிழ்த்துப் போட்டு, நடுப்புள்ளியிலிருந்து நீளவாக்கில் ஒரு நடுக்கோடு கிழியுங்கள். கொம்புப்பக்கத்து உறையின் மையம் அந்தக் கோட்டின்மேல் நடுவிலிருந்து 105 மி.மீ. தள்ளி வரும். வால்பக்கத்து உறைகளின் மையங்கள் நடுவிலிருந்து பின்னோக்கி 100 மி.மீ. தள்ளியும், நடுக்கோட்டிலிருந்து இருபுறமும் 82 மி.மீ. விலகியும் வரும். பின்கால்கள் இரண்டும் நேர் பின்திசையிலிருந்து 60 பாகை விலகி வெளியே பாய வேண்டும். இங்கே பலர் குழம்புகிறார்கள். உறையின் ஒரு முகம் கால் பாயும் திசையை நேராகப் பார்க்கும்படி உறையையே திருப்பி வைத்துவிட்டால், அந்த ஒற்றை 15 பாகை வெட்டே போதும். இருதிசைச் சாய்வு வெட்டு தேவைப்படாது. இந்த அமைப்பில் பாதங்களின் மையங்களுக்கிடையே முக்கோணம் நீளவாக்கில் ஏறத்தாழ 40 செ.மீ., அகலவாக்கில் 39 செ.மீ. விரிந்து நிற்கும்.

பற்றவைப்பதற்கு முன்பே உறைகளில் போல்ட்டுத் துளைகளை இட்டுவிடுங்கள். ஒவ்வோர் உறைக்கும் இரண்டு துளை, 13 மி.மீ. விட்டம். முதல் துளை உறையின் உட்பக்க முகத்தில், அதாவது தாங்கியின் நடுவைப் பார்க்கும் முகத்தில், கீழ்வாயிலிருந்து 30 மி.மீ. உயரத்தில். இரண்டாவது, அதற்கு அடுத்த பக்கவாட்டு முகத்தில், உறையின் பாதி உயரத்தில். இந்த இடங்களுக்குக் காரணம் உண்டு. எடை ஏறும்போது விரிந்த கால் மேலும் வெளியே விரியப் பார்க்கும். அப்போது உறையின் கீழ்வாயில் கால் வெளிச்சுவரின்மேல் சாயும். உட்பக்கப் போல்ட்டும் காலை அதே வெளிச்சுவரை நோக்கியே தள்ளுவதால், எடையும் போல்ட்டும் ஒரே திசையில் வேலை செய்கின்றன; அடிக்க அடிக்க இணைப்பு இறுகுமே தவிரத் தளராது. பக்கவாட்டுப் போல்ட்டு காலை எதிர்மூலையில் அழுத்தி, அந்த இரண்டு மி.மீ. இடைவெளியின் ஆட்டத்தை முழுவதுமாக நீக்கிவிடும். குறுக்கே துளையிட்டு ஊசி செருகும் முறையைப் பலர் பரிந்துரைக்கிறார்கள். அதை நான் ஏற்கவில்லை. ஓயாத அடியில் துளை நீள்வட்டமாகத் தேய்ந்து, சில மாதங்களில் ஒவ்வொரு காலும் தனித்தனியே கடகடக்கும்.

துளைமேல் நட்டை வைத்து, மசகு தடவிய போல்ட்டை அதில் திருகிக் கொண்டே பற்றவையுங்கள். நட்டு கோணாமலும், தெறிக்கும் இரும்புத்துளி மரையில் ஒட்டாமலும் இருக்கும். ஒவ்வொரு போல்ட்டிலும் கூடுதலாக ஒரு பூட்டு நட்டைப் போட்டுவையுங்கள்.

பிறகு உறைகளைத் தட்டின்மேல் நிறுத்திப் புள்ளி புள்ளியாக மட்டும் பிடித்துக்கொண்டு, கால்களைச் செருகி, அப்படியே நிமிர்த்தித் தரையில் வைத்து, ரசமட்டத்தால் தட்டின் கிடைமட்டத்தை இரு திசையிலும் பாருங்கள். திருத்தம் தேவைப்பட்டால் இப்போதே புள்ளியை உடைத்துச் சரிசெய்யலாம். எல்லாம் பொருந்திய பிறகு 3.2 மி.மீ. பற்றவைப்புக் குச்சியால், 100 முதல் 130 ஆம்பியர் அளவில், உறையின் வெளிப்புறத்தில் மட்டும் முழுமையாகப் பற்றவையுங்கள். மின்வில்லைத் தடித்த தட்டின் பக்கம் கூடுதலாகச் சாய்த்துப் பிடித்தால் மெல்லிய குழாய் உருகி ஓட்டையாகாது. ஓர் உறையைத் தொடர்ந்து சுற்றி முடிக்காமல், ஒன்றில் ஒரு பக்கம், அடுத்ததில் ஒரு பக்கம் என்று மாறி மாறிச் செல்லுங்கள். அடியில் வெப்பம் குவிந்தால் தட்டின் ஓரங்கள் கீழே வளைந்து, மேற்புறம் நடுவில் புடைத்துவிடும். கல் அந்தப் புடைப்பின்மேல் ஆடும். முன் உறைக்குப் பின்னால் 50 மி.மீ. ஆங்கிளைக் குறுக்காகப் பற்றவைத்துவிட்டால், கால் இல்லாத முன்மூலைகளுக்கும் முட்டு கிடைக்கும்.

அமர்வைச் சோதித்தல்

இந்தப் படியைத் தவிர்ப்போர் பின்னால் தாங்கியைக் குறைகூறுவார்கள். உறைக்குள், தட்டின் அடிப்பக்கத்தில் சாக்குக்கட்டித் தூளைத் தடவுங்கள். காலைச் செருகி, அதன் அடிமுனையில் மரச்சுத்தியலால் இரண்டு தட்டுத் தட்டி வெளியே எடுங்கள். வெட்டுமுகத்தின் நான்கு விளிம்பிலும் வெள்ளை படிந்திருந்தால் அமர்வு சரி. ஒரு விளிம்பில் மட்டும் பளிச்சென்று படிந்து மற்ற மூன்றும் கறுப்பாகவே இருந்தால், அந்த ஒரு விளிம்புதான் முழு அடியையும் வாங்கும். நாளடைவில் அது நசுங்கி, கால் குட்டையாகி, தட்டு ஒருபக்கம் சாயும். வெள்ளை பட்ட இடத்தை அரத்தால் இரண்டு இழு இழுத்து மீண்டும் சோதியுங்கள். பொறுமையாகச் செய்தால் ஒரு காலுக்குக் கால்மணி நேரம் போதும். ஒவ்வொரு காலுக்கும் அதன் உறைக்கும் ஒரே எண்ணை உளியால் பொறித்துவிடுங்கள். ராவிப் பொருத்திய கால் அதன் உறைக்குத்தான் சொந்தம்.

அமர்வு சரியான பின், போல்ட்டு முனைகளைக் கூம்பாகத் தேய்த்து, அவை காலில் படும் இடங்களில் துரப்பண முனையால் ஆழமில்லாத சிறு குழி இடுங்கள். குழியின் மையம் போல்ட்டின் மையத்துக்கு அரை மி.மீ. கீழே இருக்கட்டும். போல்ட்டை இறுக்கும்போது கூம்பு குழியின் மேல்விளிம்பில் ஏறிக் காலைத் தட்டை நோக்கி மேலே தள்ளும். தாங்கியைத் தூக்கினாலும் கால் நழுவாது.

மணலும் வண்ணமும்

பாதத் தகடுகளைக் காலின் அடிமுனையில் பற்றவைத்து முடித்த பிறகே மணல் நிரப்ப வேண்டும். மணல் நிரம்பிய குழாயில் மீண்டும் பற்றவைக்கவே கூடாது. சிறிது ஈரம் உள்ளே இருந்தாலும் அது ஆவியாகி, மூடிய குழாயைப் பிளந்துவிடும். சலித்த ஆற்றுமணலைப் பழைய வாணலியில் வறுத்து, கையில் ஒட்டாத அளவுக்கு உலர்த்தி, ஆறவைத்து, காலைத் தட்டித் தட்டி நிரப்புங்கள். மூன்று காலுக்கும் சேர்த்து நான்கரை கிலோ பிடிக்கும். வாயைச் செங்கால் மரத்தக்கையால் அடைத்து, தக்கை வெட்டுமுகத்துக்கு ஐந்து மி.மீ. உள்ளே இருக்கும்படி அடித்து இறக்குங்கள். வெற்றுக் குழாய் மணியோசை எழுப்பும். மணல் அந்த ஓசையை விழுங்கிவிடும்.

துருத் தடுப்பு வண்ணம் இரண்டு கை பூசுங்கள். ஆனால் காலின் மேல்முனையிலும் உறையின் உள்ளேயும் வண்ணம் வேண்டாம். அங்கே பூசிய வண்ணம் அடியில் உதிர்ந்து, நீங்கள் ராவிப் பெற்ற பொருத்தத்தைக் கெடுக்கும். அந்த இடங்களில் மெல்லிய மசகு போதும்.

கல்லைப் பிணைத்தல்

தட்டின்மேல் பழைய கன்வேயர் பெல்ட்டிலிருந்து வெட்டிய 6 மி.மீ. பட்டையை விரியுங்கள். துணி இழை கொண்ட கெட்டிப் பட்டையாக இருக்க வேண்டும். மெத்தென்ற தடித்த ரப்பர் கல்லைத் துள்ளவைக்கும். கல்லின் பாதத்தைச் சுற்றி நான்கு மூலையிலும் 40 மி.மீ. ஆங்கிள் துண்டுகளை, இரண்டு மி.மீ. இடைவெளி விட்டுப் பற்றவையுங்கள். இவை கல் நகராமல் தடுப்பவை மட்டுமே. கல்லைக் கீழ்நோக்கி அழுத்திப் பிடிக்க இருபுறமும், பாதம் விரிந்திருக்கும் இடத்தில், 10 மி.மீ. பட்டை இரும்பில் பிடிப்புகள் வேண்டும். பிடிப்பின் ஒரு முனை கல்லின் பாதத்தின்மேலும் மறுமுனை ஓர் இரும்புக் கட்டையின்மேலும் அமரும், நடுவில் போல்ட்டு. அந்தக் கட்டை கல்லின் பாதத்தைவிட ஒரு மி.மீ. உயரமாக இருக்க வேண்டும். போல்ட்டு கல்லுக்கு அருகில் வர வேண்டும். அப்போதுதான் இறுக்கத்தின் பெரும்பகுதி கல்லின்மேல் விழும்.

இப்படி இறுக்கிய கல்லின் ஓசை வெகுவாகக் குறையும். இன்னும் குறைய வேண்டுமானால் கல்லின் இடுப்பில் கனமான சங்கிலியைச் சுற்றுங்கள். ஆயினும் காதடைப்பான் அணியாமல் ஒரு நாளும் அடிக்க வேண்டாம். மலேசியாவின் 2019-ஆம் ஆண்டு ஓசைப் பாதுகாப்பு விதிமுறைகள் வேலையிடத்தில் ஒருவர் நாள் முழுவதும் கேட்கும் ஓசைக்கு வைத்துள்ள வரம்பு 85 டெசிபல்; பட்டறைக்கல்லின் ஓசை அதை எளிதாகத் தாண்டும். இழந்த செவித்திறன் திரும்பி வராது.

முதல் அடியும் திருத்தமும்

தட்டின்மேல் காலியாக உள்ள ஓரங்களில் உலர்ந்த நுண்மணலைச் சிறிது தூவிவிட்டு, கல்லின் நடுவிலும் கொம்பிலும் வாலிலும் சில அடிகள் அடியுங்கள். ஏதாவதொரு மூலையில் மட்டும் மணல் எகிறிக் குதித்தால், அதற்கடியில் உள்ள காலின் அமர்வில் இடைவெளி இருக்கிறது.

அடுத்து, ஒரு மரப்பலகைத் துண்டைக் கல்லின் முகத்தில் வைத்து, வழக்கமாக அடிப்பதுபோல் அடித்து, சுத்தியலின் தடத்தைப் பாருங்கள். முழு வட்டம் பதிந்தால் உயரம் சரி. உங்களுக்கு அப்பால் உள்ள விளிம்பு மட்டும் பிறைபோல் ஆழமாகப் பதிந்தால் கல் தாழ்வாக இருக்கிறது. ரப்பர் பட்டையின் அடியில் தகடு வைத்து உயர்த்தலாம். உங்களை நோக்கிய விளிம்பு ஆழமாகப் பதிந்தால் கல் உயரமாக இருக்கிறது. கால்களின் மேல்முனையை அதே சாய்வில் சிறிது குறைத்து, அமர்வுச் சோதனையை மீண்டும் செய்ய வேண்டும். முதல் அரைமணி நேர வேலைக்குப் பிறகு எல்லாப் போல்ட்டுகளையும் ஒருமுறை இறுக்குங்கள்.

எங்கள் பக்கத்து மண்ணைப் பற்றியும் சொல்ல வேண்டும். 1885-இல் கட்டப்பட்ட தெலுக் இந்தான் கோபுரம் சாய்ந்து நிற்பதற்கு இந்த மென்மண்ணே காரணம். மழைக்குப் பின் செம்பனைக் காணியில் 80 மி.மீ. பாதம் ஒவ்வோர் அடிக்கும் சிறிது சிறிதாகப் புதையும். மூன்றும் சமமாகப் புதைவதில்லை. இரண்டு அங்குலத் தடிமனான கெம்பாஸ் அல்லது செங்கால் பலகைத் துண்டுகள் மூன்றைக் கூடவே எடுத்துச் சென்று, ஒவ்வொரு பாதத்தின் அடியிலும் ஒன்றை வைத்து, கிடைமட்டம் பார்த்த பிறகே கல்லை ஏற்றுங்கள். சிமெண்டுத் தளமானால் பலகை வேண்டாம்.

ஏற்றி இறக்குதல்

கழற்றும்போது எப்போதும் கல்லை முதலில் இறக்குங்கள். கல் மேலே இருக்கும்போது காலின் போல்ட்டைத் தொட வேண்டாம். மணலுடன் சேர்த்துத் தாங்கி ஏறத்தாழ 24 கிலோ வரும். அதில் உறைகளுடன் கூடிய தட்டு மட்டும் 12 கிலோ, கால் ஒவ்வொன்றும் 4 கிலோ. ஆக, தனியே தூக்கும் பொருள்களில் மிகக் கனமானது கல்தான். அதை இடுப்பை வளைக்காமல் முழங்காலை மடக்கித் தூக்குங்கள். துணைக்கு ஆள் இருந்தால் இருவராகத் தூக்குங்கள். காரில் கல்லைப் பின்னிருக்கையில் வைக்கவே கூடாது. திடீரென்று பிரேக் போட்டால் அது முன்னால் பாயும். பின்பெட்டியின் தரையில், இருக்கையின் முதுகோடு ஒட்டி, படுக்கவைத்து, தாங்கியின் கால்களால் இருபுறமும் அணைகொடுத்துக் கட்டுங்கள். தாங்கியில் சக்கரம் பொருத்தும் யோசனை சிலருக்கு வரும். காலில் சக்கரம் வைத்தால் அதுவே ஒரு தளர்ந்த இணைப்பாகிவிடும். வேண்டுமானால் கைவண்டி ஒன்றைத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள்.

வீட்டுக்கு வந்ததும் ஈரத்தைத் துடைத்து, கல்லின் முகத்திலும் உறைகளின் உள்ளேயும் எண்ணெய் தடவி, பலகைகளைக் கரையான் ஏறாத உயரத்தில் அடுக்கிவையுங்கள். ஆண்டுக்கு ஒருமுறை மரத்தக்கைகளைப் பிடுங்கி, இறங்கிய அளவுக்கு உலர்மணலை நிரப்பி, மீண்டும் அடையுங்கள்.